நலிந்த நகரம் நிமிர்ந்தால் நிலைக்குமா? – அகமதாபாத் சொல்லும் பாடம்

நம்மில் பலருடைய குடும்ப வரலாறு ஏதோ ஒரு தொழில் நகரத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. பம்பாய், கல்கத்தா, ஜாம்ஷெட்பூர், கான்பூர், அகமதாபாத் என்று ரயிலேறிப் போன நமது முன்னோர்கள் ஆலைக் கணக்கராகவும், சுருக்கெழுத்தராகவும், பொறியாளராகவும் வேலையில் அமர்ந்தார்கள். ஆலைச் சங்கு ஊதிய வரையில் வீட்டில் அடுப்பு எரிந்தது. சங்கு நின்ற ஊர்களில் சிலர் மூட்டை கட்டினார்கள். சிலர் அங்கேயே வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டார்கள். ஆகவே, நலிந்துபோன ஒரு தொழில் நகரம் மறுபடியும் தலை நிமிர்ந்தால் அந்த வாழ்வு நிலைக்குமா என்ற கேள்வி நமக்கு வெறும் பொருளாதாரப் பாடம் ஆகாது. பிள்ளைக்கு அந்த ஊரில் வேலை கிடைத்தால் அனுப்பலாமா, ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டு அங்கே வீடு வாங்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எழுகிற கேள்விதான் இது.

இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பது நல்லது. அதற்கு அகமதாபாத் பொருத்தமானது. அந்த நகரம் விழுந்தது ஒருமுறையன்று; எழுந்ததும் ஒருமுறையன்று. ஒவ்வொரு முறையும் அது எதனால் எழுந்தது, எழுந்தபின் எத்தனை காலம் நின்றது என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்றுகள் இருக்கின்றன.

முதல் வீழ்ச்சி, முதல் மீட்சி

சபர்மதி நதிக்கரையில் 1411-ம் ஆண்டு சுல்தான் அகமது ஷா நிர்மாணித்த நகரம் இது. பருத்தி, பட்டு, ஜரிகை என்ற மூன்று நூல்களில் இந்த ஊர் தொங்குகிறது என்று அங்கே ஒரு பழைய சொலவடை உண்டு. முகலாயர் காலத்தில் அகமதாபாத் துணி மேற்கு ஆசியா வரையில் போயிற்று. வியாபாரிகளும் கைவினைஞர்களும் 'மகாஜன்' என்ற தொழிற்குழுக்களாகச் சேர்ந்து விலை, தரம், வழக்கு, தர்ம காரியம் எல்லாவற்றையும் தாங்களே முறைப்படுத்திக்கொண்டார்கள்.

18-ம் நூற்றாண்டில் முகலாய ஆட்சி தளர்ந்தது. நகரத்தின் வருமானத்தில் பேஷ்வாவுக்கு ஒரு பங்கு, கெய்க்வாடுக்கு ஒரு பங்கு என்று ஏற்பட்டது. இரண்டு எஜமானர்கள் இருந்த வீட்டில் கூரையை வேய யாரும் இல்லை. வரி மட்டும் இரு பக்கமும் வாங்கப்பட்டது. மதில்கள் இடிந்தன; வியாபாரம் சுருங்கியது; ஜனங்கள் வெளியேறினார்கள். 1818-ல் பிரிட்டிஷ் ஆட்சி வந்தபோது அவர்கள் கையில் கிடைத்தது ஒரு பாழடைந்த நகரம்.

அதற்குப் பின் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1830-களில் இடிந்த மதிலைச் செப்பனிட வேண்டும் என்ற யோசனை எழுந்தபோது, நெய் உள்ளிட்ட சில சரக்குகளின் மேல் ஒரு சிறு வரியை விதித்து அந்தப் பணத்தைத் திரட்ட ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மதில் எழும்பியது. அதே நிதியின் வழியாகத்தான் நகரசபை நிர்வாகத்துக்கும் அங்கே வித்திடப்பட்டது. வியாபாரிகள் தங்கள் சரக்கின் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டு ஊரைப் பழுது பார்த்தார்கள். முதல் மீட்சியின் அஸ்திவாரம் இது.

மாட்டுவண்டியில் வந்த இயந்திரம்

இரண்டாவது எழுச்சிக்குக் காரணமானவர் ரண்சோட்லால் சோட்டாலால். நாகர் பிராமண வகுப்பைச் சேர்ந்தவர். பரம்பரை வியாபாரியும் அல்லர். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். பம்பாயில் அப்போதுதான் முதல் பருத்தி ஆலை ஓடத் தொடங்கியிருந்தது. அகமதாபாத்துக்கோ ரயில் பாதை 1864-ல்தான் வந்தது. துறைமுகமும் இல்லை, நிலக்கரியும் இல்லை, ஈரக் காற்றும் இல்லை. இப்படிப்பட்ட ஊரில் ஆலை வைப்பது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும்.

இங்கிலாந்திலிருந்து இயந்திரம் தருவிக்க தாதாபாய் நௌரோஜி உதவினார். முதலில் அனுப்பிய இயந்திரங்கள் கப்பலோடு கடலில் போயின. மனம் தளராமல் மறுபடியும் வரவழைத்தார்கள். காம்பே துறைமுகத்தில் இறங்கிய இயந்திரங்கள் மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டு அகமதாபாத் வந்து சேர்ந்தன. 1861-ம் ஆண்டு மே 30 அன்று ஆலை ஓடத் தொடங்கியது. 2,500 கதிர்கள், 65 தொழிலாளர்கள், அவ்வளவுதான் ஆரம்பம். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய சமயத்தில் அதே ஊரில் எழுபதுக்கு மேற்பட்ட ஆலைகள் இருந்தன. 'இந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பெயரும் வந்துவிட்டது.

இந்த வளர்ச்சியில் ஒரு விசேஷம் உண்டு. அகமதாபாத் ஆலைகளுக்குப் பணம் பெரும்பாலும் உள்ளூரிலிருந்தே வந்தது. ஷராஃப்கள் எனப்பட்ட வட்டிக்கடைக்காரர்களும் ஜைன, வைஷ்ணவ வணிகர்களும் பங்கு போட்டார்கள். சாதாரண ஊர்மக்களும் தங்கள் சேமிப்பை ஆலைகளிலேயே வைப்புத்தொகையாகப் போட்டு வைத்தார்கள். ஆலை நடத்துபவர் நாலு தெரு தள்ளிக் குடியிருப்பார். கோவிலிலும் கல்யாண வீட்டிலும் அவரைப் பார்க்கலாம். அவர் பெயர் கெட்டால் வைப்புப் பணம் மறுநாளே வெளியேறிவிடும். ஆகவே ஊருக்கும் ஆலைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டுப்பாடு இருந்தது.

ரண்சோட்லால் ஆலையோடு நிற்கவில்லை. நகரசபைத் தலைவராக இருந்து, வரி கூடுமே என்று கிளம்பிய எதிர்ப்பையும் சமாளித்து, 1890-களில் குழாய்த் தண்ணீரும் நிலத்தடிச் சாக்கடையும் கொண்டுவந்தார். மதிலுக்கு வரி போட்டுக்கொண்ட பழைய குணம் இங்கே வேறு உருவத்தில் தொடர்ந்தது.

ஒரு பஞ்சாயத்தின் கதை

தொழிலாளர்களுக்கும் இந்த நகரம் ஒரு வழியைக் கண்டது. 1917-ல் பிளேக் நோய் பரவியபோது தொழிலாளர்கள் ஊரைவிட்டு ஓடாமலிருக்க ஆலைகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தன. நோய் தணிந்ததும் அதை நிறுத்த முற்பட்டன. போர்க்காலம், விலைவாசி ஏறிக் கிடந்தது. தொழிலாளர்கள் 35 சதவிகித உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20 சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்றார்கள். 1918 பிப்ரவரியில் ஆலைகள் கதவடைக்கப்பட்டன. முதலாளிகள் பக்கத்துக்குத் தலைவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. ஊர்வலமும் கூட்டமும் நடந்த நாட்களிலும் அக்காளும் தம்பியும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை.

காந்திஜி மார்ச் 15 அன்று உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்று நாட்களில் சமரசம் ஏற்பட்டது. பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவா மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார்; பின்னர் 35 சதவிகிதமே தீர்ப்பாயிற்று. இதன் தொடர்ச்சியாக 1920-ல் 'மஜூர் மகாஜன்' என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெயரைக் கவனியுங்கள். வியாபாரிகளுக்கு ஒரு மகாஜன் இருந்தால் உழைப்பாளிக்கும் ஒரு மகாஜன் உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது. சண்டை வந்தால் முதலில் மத்தியஸ்தம், அது பலிக்காவிட்டால்தான் வேலைநிறுத்தம் என்ற முறையை அந்தச் சங்கம் பல தலைமுறைகள் கடைப்பிடித்தது. பள்ளி, மருத்துவமனை, கூட்டுறவு வங்கி ஆகியவற்றையும் நடத்தியது.

லாபம் எங்கே போயிற்று?

எந்தத் தொழிலும் சாசுவதம் இல்லை. ஆலை ஓடும் காலத்தில் கிடைத்த லாபம் எங்கே போயிற்று என்பதைப் பொறுத்தே, ஆலை நின்றபின் அந்த ஊரின் கதி அமைகிறது. இந்தக் கண்ணோடு 1935-க்கும் 1962-க்கும் இடைப்பட்ட அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும்.

1935-ல் ஆலை அதிபர் கஸ்தூர்பாய் லால்பாய், பின்னாளில் மக்களவையின் முதல் சபாநாயகரான மாவலங்கர் முதலியோர் சேர்ந்து அகமதாபாத் கல்விச் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அந்தச் சங்கத்தின் ஆதரவில் பல கல்லூரிகள் எழுந்தன. 1947-ல் ஆலைகளும் மத்திய அரசும் சேர்ந்து ஜவுளி ஆராய்ச்சிக்காக 'அடிரா' என்ற நிறுவனத்தைத் தொடங்கின. அதே 1947-ல் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது. 1961-ல் இந்திய மேலாண்மைக் கழகமும் தேசிய வடிவமைப்புக் கழகமும் வந்தன. 1962-ல் கட்டடக்கலைப் பள்ளி. இவற்றில் பலவற்றிலும் அம்பாலாலின் புதல்வர் விக்ரம் சாராபாயின் கை இருந்தது.

இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநர் யார் என்பது நமது வாசக அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்தில் 1893-ல் பிறந்த கே.ஆர். ராமநாதன்தான் அவர். சர் சி.வி. ராமனோடு கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தவர். வானிலைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற கையோடு 1948-ல் அகமதாபாத் வந்தார். மற்றவர்கள் ஈசிச்சேரில் சாயும் வயதில் ஒரு புதிய ஆராய்ச்சிக்கூடத்தைக் கட்டி எழுப்பி 1966 வரை நடத்தினார். ஓசோன் ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றார். 1976-ல் பத்மவிபூஷண் விருது கிடைத்தது. பருத்தி ஆலையின் லாபம் கல்பாத்திக்காரர் ஒருவரின் தலைமையில் ஆகாயத்தை ஆராயும் கூடமாக மாறியது என்றால் அதில் மிகை இல்லை.

இந்த ஸ்தாபனங்கள் எதுவும் நாளை ஆலை மூடப்படும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கப்பட்டவை அல்ல. ஆலை நன்றாக ஓடிய காலத்திலேயே தொடங்கப்பட்டவை. பஞ்ச காலத்தில் விதைநெல் வாங்கக் கிளம்புகிறவனுக்கும் விளைந்த காலத்தில் எடுத்து வைத்தவனுக்கும் உள்ள வித்தியாசம் பிற்பாடு தெரிந்தது.

சங்கு நின்ற காலம்

1970-களிலேயே நோயின் அறிகுறிகள் தென்பட்டன. பல ஆலைகளில் பழைய இயந்திரங்களே ஓடிக்கொண்டிருந்தன. வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை நடந்தது. ஆலையின் லாபத்தை உறிஞ்சி வேறு தொழிலில் போடும் வழக்கமும் பரவியது. விசைத்தறி வந்து ஆலைத் துணியைவிட மலிவாகத் துணி நெய்தது. சூரத்தின் செயற்கை இழைப் புடவைகள் வீட்டுக்கு வீடு நுழைந்தன. 1985-ல் வந்த புதிய ஜவுளிக் கொள்கை, நலிந்த ஆலையை மூட நினைத்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

1980-களின் தொடக்கத்தில் அகமதாபாத் ஆலைகளில் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அவர்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலையிழந்தார்கள். நலிந்த ஆலைகளை எடுத்து நடத்திய மாநில ஜவுளிக் கழகமும் 1990-களில் கைவிரித்தது. 1880-ல் தொடங்கிய காலிகோ மில் போன்ற பெயர்போன ஆலையும் 1990-களில் மறைந்தது.

வேலையிழந்தவர்கள் என்ன ஆனார்கள்? நெசவுப் பிரிவில் தலைமுறையாக வேலை பார்த்தவர் ஆட்டோ ஓட்டினார். தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். ஆலைக் கூலியில் சிறு பங்குக்கு விசைத்தறிக்கூடத்தில் இரவு வேலை செய்தார். நிரந்தர வேலை, வருங்கால வைப்புநிதி, மருத்துவ வசதி எல்லாம் ஒரே நாளில் போயின. பணிக்கொடைக்காகவும் நிலுவைக்காகவும் நீதிமன்றப் படிகளில் பல வருஷம் ஏறி இறங்கினார்கள். வீட்டுப் பெண்கள் பீடி சுற்றியும் தையல் தைத்தும் குடும்பத்தைத் தாங்கினார்கள். மஜூர் மகாஜனின் மகளிர் பிரிவில் பணியாற்றிய இளா பட் 1972-ல் தொடங்கிய 'சேவா' சங்கமும், 1974-ல் அது ஏற்படுத்திய வங்கியும் அந்தப் பெண்களுக்குத் துணையாக இருந்தன. தாய்ச் சங்கமோ ஆலையோடு ஆலையாகச் சுருங்கிவிட்டது.

இந்தச் சரிவுக்கு முன்னும் பின்னும் ஊரில் மதக் கலவரங்கள் நடந்தன. 1969, 1985, 2002 ஆகிய ஆண்டுகளை அந்த நகரம் எளிதில் மறக்க முடியாது. இரு மதத்தவரும் ஒரே ஆலையில் பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளில் வேலை செய்து, ஒரே சங்கத்தில் சந்தா கட்டிய காலம் போனபின் அவர்கள் சந்திக்கும் இடங்களே குறைந்தன. ஆலையோடு நின்றுபோனவை கூலி மட்டுமல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

மூன்றாவது முறை எழுந்தது எப்படி?

1990-களின் நடுவில் அகமதாபாத்தைப் பார்த்தவர்கள் இந்த ஊர் இனி எழாது என்றே நினைத்திருப்பார்கள். ஆனால் எழுந்தது. காரணங்களைத் தேடினால் அவை பழைய காலத்திலேயே கிடைக்கின்றன.

முதலாவது, மருந்துத் தொழில். கல்விச் சங்கத்தின் ஆதரவில் 1947-ல் எல்.எம். மருந்தியல் கல்லூரி தொடங்கியது. அங்கே விரிவுரையாளராக இருந்த ரமண்பாய் படேல், இந்திரவதன் மோடியோடு சேர்ந்து 1952-ல் காடிலா நிறுவனத்தை ஆரம்பித்தார். 1959-ல் உத்தம்பாய் மேத்தா தொடங்கிய சிறு மருந்து வியாபாரம் பின்னர் டோரண்ட் ஆயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில் இந்த நிறுவனங்கள் முப்பது வருஷத்து மரங்களாக வளர்ந்து நின்றன. கல்லூரிக்கு ஆலைப் பணம் போன வழியைப் பார்த்தால், பருத்தியின் லாபம் ஒரு தலைமுறை கழித்து மாத்திரையாகத் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது, ஜவுளியே வேறு உருவம் எடுத்தது. 1931-ல் லால்பாய் குடும்பம் தொடங்கிய அரவிந்த் மில் 1980-களின் பிற்பகுதியில் வேட்டி, புடவையை விட்டு டெனிம் துணிக்கு மாறியது; உலகின் பெரிய டெனிம் உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. அதற்கும் சோதனை வராமலில்லை. டெனிம் விலை சரிந்து கடன் கழுத்தை நெரித்தது. 2001-ல் கடன் கொடுத்தவர்களோடு பேசிக் கடனைத் திருத்தி அமைத்துக்கொண்டுதான் மீண்டது. மீண்ட நிறுவனமும் மறுபடி சறுக்கும் என்பதற்கு இது உதாரணம்.

மூன்றாவது, நகரசபை. ஆலைகள் நின்றதில் நகரசபையின் கஜானாவும் காய்ந்தது. 1990-களின் நடுவில் ஆணையராக இருந்த கேசவ் வர்மா, 'ஆக்ட்ராய்' எனும் நுழைவு வரியையும் சொத்து வரியையும் கசிவில்லாமல் வசூலித்துக் கணக்கைச் சீர் செய்தார். அதன் பலனாக 1998-ல் அகமதாபாத் நகரசபை மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்தியாவில் எந்த நகரசபையும் அதற்கு முன் செய்யாத காரியம் அது.

கான்பூர் ஏன் எழவில்லை?

கல்வி நிலையங்கள் இருந்தால் போதும், நகரம் தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் கான்பூரைப் பார்க்க வேண்டும். அதுவும் 'மான்செஸ்டர்' என்று பெயர் வாங்கிய ஊர். எல்ஜின் மில், 1874-ல் வந்த மியூர் மில், 1876-ல் தொடங்கிய லால் இம்லி கம்பளி ஆலை என்று வரிசையாக ஆலைகள் இருந்தன. 1959-ல் ஐ.ஐ.டி.யும் வந்தது. ஆலைகள் வீழ்ந்தபோது கான்பூர் அகமதாபாத்தைப் போல எழவில்லை. தோல் தொழில் நின்றது, மற்றவை மீளவில்லை.

வித்தியாசம் எங்கே? கான்பூரின் பழைய ஆலைகளைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள். லாபம் ஊரில் தங்கவில்லை, அவர்களும் தங்கவில்லை. பிற்பாடு பல ஆலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. உள்ளூரில் பெரிய அளவில் வளர்ந்த ஜே.கே. குடும்பமும் தனது புதிய முதலீடுகளில் பலவற்றை ராஜஸ்தான் முதலிய இடங்களில் செய்தது. ஐ.ஐ.டி. தேசத்துக்குப் பெருமை சேர்த்தது. ஆனால் அங்கே படித்தவர்களைப் பிடித்து நிறுத்தி ஊரிலேயே தொழில் தொடங்க வைக்கும் பணமும் மனிதர்களும் கான்பூரில் குறைவாக இருந்தார்கள். விளக்கு, திரி இரண்டும் இருந்து எண்ணெய் மட்டும் இல்லாத நிலை அது. கல்விக்கூடமும் உள்ளூர்ப் பணமும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் மீட்சி வேர் பிடிக்கிறது.

இந்த வாழ்வு நிலைக்குமா?

இனி இன்றைய அகமதாபாத்துக்கு வருவோம். சபர்மதிக் கரை மேம்பாட்டுத் திட்டம் 2005-ல் கட்டத் தொடங்கி 2012-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2009-ல் தனிப்பாதைப் பேருந்தும் 2019-ல் மெட்ரோ ரயிலும் வந்தன. 2017-ல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரம் என்ற அந்தஸ்தைப் பெற்றது. 2030-ல் நடக்கவிருக்கும் காமன்வெல்த் விளையாட்டுகளுக்கும் இந்த நகரமே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இது நிமிர்ந்த நகரம். வரலாற்றைப் படித்தவர் மேலும் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஊர் ஒற்றைக் காலில் நிற்கிறதா, பல கால்களிலா? இந்தக் கேள்விக்குப் பதில் நம்பிக்கை தருகிறது. மருந்து, ரசாயனம், ஆயத்த ஆடை, இயந்திரம், கட்டுமானம், கல்வி என்று பிழைப்பு பல வழிகளில் பிரிந்திருக்கிறது. அருகிலுள்ள சானந்தை எடுத்துக்கொள்வோம். சிங்கூரிலிருந்து கிளம்பிய டாடா நானோ 2010-ல் அங்கே உற்பத்திக்கு வந்தது. 2018-ல் அந்தக் கார் நின்றுபோனது. தொழிற்சாலை வேறு கார்களைச் செய்தது. 2015-ல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்டு நிறுவனம், நமது மறைமலை நகர்த் தொழிற்சாலையோடு சேர்த்து சானந்தையும் மூடுவதாக 2021-ல் அறிவித்தது. 2023 தொடக்கத்தில் அந்த இடத்தை டாடா எடுத்துக்கொண்டது. ஒருவர் கடையைக் கட்டினால் அடுத்தவர் வந்து திறக்கும் ஊரில் வீழ்ச்சி ஒரேயடியாக வராது.

பணம் யாருடையது என்று கேட்டால் பதில் சற்று மங்குகிறது. 1861-ல் ஊர்மக்களின் சேமிப்பில் ஆலை எழுந்தது. 2023-ல் சானந்துக்கு வருவதாக அறிவிக்கப்பட்ட மைக்ரான் சில்லுத் தொழிற்சாலையின் மூலதனச் செலவில் பாதியை மத்திய அரசும், ஐந்தில் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்கின்றன. அரசு உதவி தவறில்லை. ரண்சோட்லாலுக்கு அது கிடைத்திருந்தால் அவரும் வாங்கியிருப்பார். ஆனால் சலுகைக்காக வந்த தொழில், வேறு ஊர் இன்னும் பெரிய சலுகையைக் காட்டினால் அங்கே பார்க்கும். நானோ சிங்கூரிலிருந்து வந்தபோது மகிழ்ந்த ஊர், வந்தது போகவும் கூடும் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவதாக, தண்ணீர். மேம்பாட்டுக் கரைகளுக்கு நடுவே தளும்பும் நீர் சபர்மதியில் இயல்பாக ஓடுவது அல்ல. நர்மதைக் கால்வாயிலிருந்து விடப்பட்டு, வாஸ்னா தடுப்பணையால் தேக்கி வைக்கப்பட்ட நீர் அது. தடுப்பணையைத் தாண்டினால் கழிவுநீர். கிழக்குப் பகுதியின் நரோடா, ஓடவ், வாட்வா தொழிற்பேட்டைகளில் மாசு முற்றி, 1995-லேயே குஜராத் உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான தொழிற்கூடங்களை மூடச் சொன்னது. 2021-ல் சபர்மதியின் மாசு பற்றித் தானாகவே மறுபடியும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. கால் நூற்றாண்டு இடைவெளியில் அதே வழக்கு திரும்பி வருகிறதென்றால், ரசாயனத் தொழிலின் லாபக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படாமலே இருக்கிறது என்று பொருள். எழுதாத செலவு ஒருநாள் வட்டியோடு வரும்.

கடைசியாக, இந்த வாழ்வில் பங்கு யாருக்கு? நதியின் மேற்குக் கரையில் அகன்ற சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. கோமதிப்பூர், பாபுநகர், ரக்கியால் போன்ற கிழக்கு ஆலைப் பேட்டைகளில் இருந்தவர்களுக்குப் பழைய நிரந்தர வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நதிக்கரைத் திட்டத்துக்காகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடிசைக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. இன்றைய தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மிகுதி. அவர்களுக்காகப் பேச ஒரு மகாஜன் இல்லை. வேலை தேடி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் படித்த மணிநகர்த் தமிழ்வழிப் பள்ளியும் மாணவர் குறைவால் 2020-ல் மூடப்பட்டது. செலவை ஏற்பதாகத் தமிழக அரசு கடிதம் எழுதியும் அந்தக் காலம் திரும்பவில்லை. ஊர் பிழைத்தது. ஊரைக் கட்டிய உழைப்பாளிகளில் பெரும்பாலோர் அந்தப் பிழைப்பில் பங்கு பெறவில்லை.

வரலாற்றின் தீர்ப்பு

மூன்று மீட்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். மதிலுக்காக வரி கொடுத்த வியாபாரி, குழாய்த் தண்ணீர் கொண்டுவந்த ஆலைக்காரர், லாபத்தைக் கல்லூரியாகவும் ஆராய்ச்சிக்கூடமாகவும் மாற்றிய அடுத்த தலைமுறை ஆகிய எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். நல்ல காலத்து வருமானத்தில் ஒரு பகுதியை, தங்கள் தொழில் போனாலும் போகாத பொதுச் சொத்தாக ஊரில் விட்டுவைத்தார்கள். அடுத்த தலைமுறை அந்தச் சொத்தின் மேல் ஏறி நின்று எழுந்தது. அந்த வழக்கம் தொடர்ந்த வரையில் மீட்சி நிலைத்தது. பணத்தை உறிஞ்சி வெளியே கொண்டுபோன 1970-களில் அஸ்திவாரம் இற்றது.

ஆகவே இன்றைய எழுச்சி நிலைக்குமா என்று கேட்பவர், நதிக்கரையின் விளக்குகளையும் விளையாட்டு அரங்கின் அளவையும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. இன்றைய மருந்து, ரசாயன, கட்டுமான முதலாளிகள் லாபத்தில் எவ்வளவை ஊருக்கு எழுதி வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நல்ல அறிகுறிகள் இல்லாமலில்லை: நிர்மா நிறுவனத்தார் பல்கலைக்கழகம் கண்டார்கள், பழைய கல்விச் சங்கமே 2009-ல் அகமதாபாத் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. நதியைச் சுத்தம் செய்வதற்கும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு மத்தியஸ்த முறையைக் கொடுப்பதற்கும் அதே அக்கறை இன்னும் பிறக்கவில்லை. 1918-ல் அக்காளும் தம்பியும் எதிரெதிர் அணியில் இருந்தும் பேச்சை முறிக்காமல் இருந்ததற்கு ஈடாக இன்று அங்கே எதுவும் கண்ணில் படவில்லை.

வேலைக்காகவோ வீட்டுக்காகவோ ஒரு தொழில் நகரத்தைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் நமது இளைஞர்கள், சம்பளத்தோடும் சதுர அடி விலையோடும் நில்லாமல் அந்த ஊரின் கல்லூரிகள் யார் பணத்தில் நடக்கின்றன, தொழில்கள் எத்தனை விதம், ஆற்றில் ஓடுவது என்ன நீர், பழைய தொழிலாளியின் பேரன் இன்று என்ன செய்கிறான் என்று நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். அகமதாபாத்தில் முதல் இரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும். பின்னிரண்டுக்கும் நல்ல பதில் கிடைக்கும் நாளில், மூன்று நூலில் தொங்கும் ஊர் என்ற பழைய சொலவடையை அந்த நகரம் மறந்துவிடலாம்.